கொடியை வெட்டிய பிறகு

வலி தொடங்கியபோது நான் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் கண்டெய்னர் ஆவணங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதம். அடிவயிறு கல்லாக இறுகும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பிறகு தளரும். மத்தியானம் சாப்பிட்ட நாசி லெமாக் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடித்தேன். பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்கார அக்கா நாலு பிள்ளை பெற்றவர். நான் மேசை விளிம்பைப் பிடிப்பதையும் விடுவதையும் பார்த்தார். பிறகு என் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்று மலாயில் சொன்னார். அவருடைய காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அதற்கு முன் இரண்டு தடவை எனக்குக் கரு கலைந்திருந்தது. அதனால் இந்தப் பிள்ளையைப் பற்றி நானும் கணவரும் வீட்டில்கூடச் சத்தமாகப் பேசிக்கொண்டதில்லை. துணிமணி வாங்கவில்லை. பெயர் யோசிக்கவில்லை. ஏழாம் மாதம் பிறந்ததும்தான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தோம்.

பிரசவ அறையில் என்னைச் சோதித்த பெண் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "கர்ப்பப்பை வாய் தொறக்க ஆரம்பிச்சிருச்சுமா. பிள்ளையோட நுரையீரல் இன்னும் ரெடி இல்ல. அதுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுறோம். ஊசி வேலை செய்யறதுக்கு டைம் வேணும். அதுவரைக்கும் பிள்ளைய உள்ளேயே பிடிச்சு வைக்கணும்."

வலியை நிறுத்த முதலில் மாத்திரை கொடுத்தார்கள். என் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு, கையில் டிரிப் ஏற்றினார்கள். "இது கொஞ்சம் படபடன்னு இருக்கும். பயப்படக் கூடாது" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் ஏற்றினார்.

அது ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாயைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தின் இனம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அது தசையைத் தளர்த்தும். கருப்பையும் தசைதான். ஆனால் ரத்தத்தில் போகிற மருந்து கருப்பையோடு நின்றுவிடாது. டிரிப் இறங்க இறங்க என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில், படுத்த படுக்கையிலேயே மாடிப்படி ஏறி ஓடுகிறவளைப் போல இருந்தேன். முகம் கொதித்தது. கை விரல்கள் தாமாக ஆடின. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் கொண்டுவந்த சூடான மைலோவை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி போர்வையில் கொட்டிவிட்டது.

கணவர் அப்போது காப்பார் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலைச் சட்டையோடு நேராக வார்டுக்கு வந்தார். என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தவர், சூடு பட்டதுபோல் கையை எடுத்துவிட்டார்.

"என்னம்மா இது, இப்படி ஓடுது?"

"மருந்துங்க. அப்படித்தான் இருக்குமாம்."

"பிள்ளைக்கும் இப்படித்தான் ஓடுமா?"

வயிற்றில் கட்டியிருந்த பட்டையிலிருந்து பிள்ளையின் இதயச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் வேகமாகத்தான் ஓடியது. டிரிப்பைச் சரிபார்க்க வந்த தமிழ் மிஸ்ஸியிடம் கேட்டேன். "பிள்ளைக்கும் போவுமா அக்கா இந்த மருந்து?"

"கொஞ்சம் போவும்லா. இப்ப அதெல்லாம் நெனைக்காதீங்க. பிள்ளை உள்ள இருக்கணும், அதான் முக்கியம்." சொல்லிவிட்டு என் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "உங்களுக்கு இனிப்புநீர் இருக்கா?"

"இல்லையே."

"அப்ப மருந்துதான். சுகர ஏத்தும்."

என் சுகர் ஏறினால் எனக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் அப்போது யோசித்தேன். ஏறியது வேறு எங்கே போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த கட்டிலில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கணவனுக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. அவளுக்கும் அதே வலி, அதே டிரிப். அவள் கையும் ஆடியது. "நம்ம ரெண்டு பேரையும் மாமாக் டீக்கடையில விட்டா நல்லா டீ ஆத்துவோம்க்கா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் வயிறு இறுகும் என்று மிஸ்ஸி அதட்டினார். அவளுக்கு வலி நின்றது. டிரிப்பை எடுத்துவிட்டு, பெரிய வயிற்றோடு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு நிற்கவில்லை. டிரிப்பைக் குறைத்தால் வலி திரும்பும், மறுபடி கூட்டுவார்கள். படபடப்பு எனக்குப் பழகிவிட்டது. மருந்தை நிறுத்திய சமயங்களில் என் நெஞ்சின் சாதாரண வேகம்தான் எனக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. ஒருநாள் காலையில் குளியலறைக்குப் போக எழுந்தபோது பனிக்குடம் உடைந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு டிரிப் குழாயை மூடினார். "போதும்மா. இனிமே பிடிக்க முடியாது."

அன்று மத்தியானமே பிறந்துவிட்டான். ஓர் உள்ளங்கையும் கொஞ்சமும் இருந்தான். அழுகை தொண்டைக்குள்ளேயே பாதி நின்றுவிட்டது. ஆனால் அழுதான். பிள்ளை டாக்டர் அவனைத் துடைத்துக்கொண்டே, "நுரையீரல் நல்லா இருக்கு" என்றார். இதற்காகத்தானே இவ்வளவும் என்று எனக்குக் கண்ணீர் வந்தது. கொடியை வெட்டிக் கட்டி, அவனை ஒரு பெட்டிக்குள் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அறையில் இருந்த எல்லோர் முகத்திலும் சந்தோஷம் இருந்தது. எதற்குப் பயந்தோமோ அது நடக்கவில்லை.

கணவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, "சுகர் கொஞ்சம் கம்மியா இருக்காம். டிரிப்புல குளுக்கோஸ் ஏத்துறாங்க. சின்ன விஷயம்தான், நெறைய பிள்ளைக்கு இருக்குமாம்" என்றார். எனக்கும் சின்ன விஷயமாகத்தான் பட்டது. சுகர் கூடினால்தானே நம் ஆட்களுக்குப் பயம். எங்கள் குடும்பத்தில் கால் விரலை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், கண் போனவர்கள் இருக்கிறார்கள், எல்லாம் கூடித்தான். குறைந்து யாருக்கும் ஒன்றும் ஆகி நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு பாலுக்கும் முன் அவன் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுப்பார்கள். எண் ஏறும், இறங்கும், பிறகு நிலையாக நிற்கும். சில நாளில் நிலைமை தேவலை என்று சொல்லி, குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். நான் கறந்து கொடுக்கும் பால் மூக்கு வழியாகப் போட்ட குழாயில் இறங்கியது. அன்று காலை அவன் கையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு கையும் வெறுமையாக, கட்டு எதுவும் இல்லாமல் அவனை முதல் தடவையாகப் பார்த்தேன்.

பெட்டியின் பக்கவாட்டுத் துவாரத்தில் கையை விட்டு அவன் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கால்களை மாற்றி மாற்றி உதைக்க ஆரம்பித்தான். சைக்கிள் மிதிப்பதுபோல, அழகாக, ஒரே சீராக. வாயைச் சப்புக் கொட்டினான். கண்கள் திறந்து ஒரு பக்கமாகப் பார்த்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினேன். "பாருங்க, சைக்கிள் ஓட்டுறான்" என்று எழுதினேன். அவர் உடனே மூன்று சிரிப்பு முகங்களை அனுப்பினார்.

அந்தப் பக்கம் போன மலாய்க்கார மிஸ்ஸி நின்று பார்த்தார். என்னை மெதுவாக நகர்த்திவிட்டு அவன் காலைப் பிடித்தார். பிடித்த பிறகும் கால் ஓடியது. அவர் திரும்பிச் சத்தம் போட்டதும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். குதிகாலைக் குத்தினார்கள். எண்ணை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள், கடைசியில் தலையில். ஒரு மிஸ்ஸி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, "சபார் யா, அடிக்" என்று முதுகைத் தடவினார். பொறு, தங்கச்சி, பொறு. நான் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் போன் இருந்தது. கணவர், "இன்னொரு வீடியோ எடு" என்று எழுதியிருந்தார்.

அது வலிப்பு. சின்னக் குழந்தைகளுக்கு அப்படித்தான் வருமாம். வெட்டி இழுக்காது. விளையாடுவதுபோல இருக்கும்.

மறுநாள் பிள்ளை டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துப் பேசினார். தமிழ்ப் பெண்தான். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேசுவேன். புரியலன்னா கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

"அம்மாவுக்கு ஏத்துன மருந்து அம்மாவோட ரத்தத்துல சுகர ஏத்தும். அந்த சுகர் கொடி வழியா பிள்ளைக்குப் போவும். மருந்தும் கொஞ்சம் போவும். பிள்ளையோட கணையம் இதையெல்லாம் பார்த்துட்டு இன்சுலின நெறைய விடும். இன்சுலின் வேலை என்ன? சுகர இறக்குறது. உள்ள இருக்குறவரைக்கும் பிரச்சினை இல்ல, அம்மாகிட்டேருந்து சுகர் வந்துக்கிட்டே இருக்கும். பொறந்ததும் நாங்க கொடிய வெட்டிடுறோம். சுகர் நின்னு போச்சு. ஆனா இன்சுலின் நிக்கல."

கணவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். "சுகர் கொறைஞ்சா உடம்பு தானா ஏத்திக்காதா டாக்டர்?"

"ஏத்திக்கணும். அதுக்கு வேற ஹார்மோன் இருக்கு. கார்ட்டிசோல்னு ஒண்ணு. உங்க பிள்ளைக்கு அதையும் டெஸ்ட் பண்ணோம். கம்மியா இருக்கு. நுரையீரலுக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, அது பிள்ளையோட சொந்த கார்ட்டிசோலக் கொஞ்ச நாளைக்குத் தூங்க வச்சிரலாம். கொறையாப் பொறந்த பிள்ளைக்கு ஏற்கெனவே அது பத்தாது. கல்லீரல்ல சேமிப்பும் இல்ல."

"அப்போ ரெண்டு மருந்தும் சேர்ந்து..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"அப்படி ஒரேயடியா சொல்ல முடியாதுண்ணே. மருந்தால வர்றது வழக்கமா சீக்கிரம் சரியாப் போயிரும். உங்க பிள்ளைக்கு இன்னும் இன்சுலின் அதிகமாவே இருக்கு. கொறைமாசம், பொறக்கும்போது பட்ட கஷ்டம், நச்சுக்கொடி, எது எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல என்னால முடியல."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்சுலினை அடக்குவதற்கு இன்னொரு மருந்து ஆரம்பித்தார்கள். அதில் ஒரு விஷயம் உண்டு, முடி முளைக்கும் என்று முன்பே சொன்னார்கள். மருந்தோடு வீட்டுக்கு வந்தோம். நான் வேலையை விட்டேன். ஒவ்வொரு பாலுக்கும் முன் குதிகாலைக் குத்திப் பார்க்க வேண்டும். எண் குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கணவர் ஒரே ஒரு தடவை குத்த முயன்றார். பாரம் ஏற்றிய பலகைத் தட்டுகளை ஃபோர்க்லிஃப்டில் கூரை உயரத்துக்கு அலுங்காமல் தூக்கி வைக்கிறவர். அந்த ஊசியைப் பிடிக்க முடியவில்லை. "நீயே பண்ணும்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் பால் சூடு பண்ணப் போனார். அதற்குப் பிறகு எப்போதும் நான்தான் குத்துவேன், அவர்தான் பால் சூடு பண்ணுவார். குத்திக் குத்திப் பிள்ளையின் குதிகால்கள் நடந்து காய்த்த பெரியவர்களின் கால்போல் தடித்துப் போயின. ஊசி எடுக்கும் சத்தம் கேட்டாலே காலை இழுத்துக்கொள்வான்.

முடி முளைத்தது. நெற்றி முழுக்க, புருவம் வரைக்கும், முதுகில், காது ஓரத்தில். கறுப்பாக, அடர்த்தியாக. காப்பாரில் இருக்கும் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னடா இது, இப்படி மயிரா இருக்கு? வயித்துல இருக்கும்போது எதைப் பார்த்துப் பயந்த?" என்று என்னிடம் கேட்டார்.

"மருந்துண்ணி" என்றேன்.

"என்ன மருந்துக்குப் பிள்ளைக்கு மயிர் மொளைக்கும்?"

கணவர் உள்ளேயிருந்து பால் போத்தலோடு வந்தார். "அக்கா, சாப்பிட்டுட்டுக் கெளம்பு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. நாத்தனார் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வர வெகுநாள் ஆனது. யாரும் வராதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு மாதம் முடிந்து ஆண் குழந்தை பிறந்திருந்தது. படம் அனுப்பினாள். பிறகு குப்புற விழுந்த படம், உட்கார்ந்த படம், தர்ப்பூசணி தின்கிற படம். அதே மருந்துதான் அவளுக்கும் ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடுங்கினோம். நிறுத்திவிட்டு வெகுநாள் கழித்துப் பெற்றதால் அவள் பிள்ளையின் உடம்பில் ஒன்றும் மிச்சமிருந்திருக்காது என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் படங்களைத் திறக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் நான் பதில் எழுதுவதை நிறுத்தினேன். அவளும் புரிந்துகொண்டாள்போல, படங்கள் நின்றுவிட்டன. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

சில மாதங்கள் கழித்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பால் கொடுக்காமல் பட்டினி போட்டுச் சுகரைப் பார்த்தார்கள். அழுதான், ஓய்ந்தான், மறுபடி அழுதான். எண் இறங்கவில்லை. டாக்டர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "போயிருச்சு. இனிமே மருந்து வேண்டாம்." முடி உதிர ஆரம்பித்தது. நெற்றி தெளிந்தபோது அவன் முகத்தில் என் கணவரின் சாயல் இருப்பதைப் பார்த்தோம். கணவர் அன்று பசாருக்குப் போய்ப் பெரிய நண்டாக வாங்கி வந்து அவரே சமைத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிட்டோம்.

அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதை நான் எப்போது கவனித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. குரல் கொடுத்தால் திரும்புவான். ஐஸ்கிரீம் மோட்டார் மணி தெருமுனையில் கேட்டால் கையை ஆட்டுவான். ஆனால் நான் பேசாமல் எதிரே வந்து உட்கார்ந்தால் அவனுக்கு நான் அங்கே இல்லை. ஒருநாள் அவன் முகத்துக்கு நேராகக் கரண்டியைக் கொண்டுபோனேன். கண் இமைக்கவில்லை. கரண்டி கன்னத்தில் பட்டதும் திடுக்கிட்டான். மறுபடி செய்து பார்த்தேன். பிறகு கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன்.

கண் டாக்டர் சீனர், பொறுமையானவர். விளக்கடித்து, படம் காட்டி, பிறகு தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். கண்களில் ஒரு கோளாறும் இல்லை என்றார். பார்ப்பது கண் மட்டும் இல்லை, மூளையின் பின்பக்கத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லித் தன் பின்மண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறந்த குழந்தைக்குச் சுகர் குறைந்தால் முதலில் பட்டினியாவது அந்த இடம்தானாம். கொஞ்சம் தெரியும், நிழல்போல, அசைந்தால், பளிச்சென்ற நிறமாக இருந்தால். மற்றபடி வளர வளரப் பார்க்கலாம் என்றார்.

கணவர் அதற்கப்புறம்தான் மாறினார். சாப்பிடும்போது, குளிக்கப் போகும்போது, வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, "யாரையாச்சும் கேக்கணும்" என்பார். கடைசியில் எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போனோம். அவர் பழைய குறிப்புகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அந்த மருந்து போடலன்னா உங்க மகன் அன்னைக்கே பொறந்திருப்பான். ஊசி வேலை செய்யறதுக்கு முன்னாடி. மூச்சு விட்டிருப்பானான்னே தெரியாது."

"சரி டாக்டர். ஆனா அந்த மருந்தாலதான் இப்படி ஆச்சா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. அது இல்லவே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன்." டாக்டர் குறிப்புகளை மூடினார். "இப்பல்லாம் அந்த மருந்த நாங்க அவ்வளவா குடுக்கிறதில்ல. வேற நல்லது வந்திருச்சு."

அவர் எங்களிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். கணவர் எழுந்து, "தேங்க்யூ டாக்டர்" என்றார்.

நாத்தனார் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தோம். அழைத்துவரக் காப்பார் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் கணவர் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினார். லோரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின. மரங்களுக்கு மேலே மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் இறங்கிப் பக்கத்தில் போனேன்.

"திட்டுறதுக்காச்சும் ஒரு ஆள் வேணும்மா" என்றார். "ஆளே இல்லயே."

நான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. என் வயிறுதான் பிடித்து வைக்கவில்லை. அதற்குக் காரணம் கேட்டால் அதற்கும் டாக்டர்களிடம் "தெரியவில்லை" என்பதுதான் பதில். லோரிச் சத்தத்தில் அவர் அழுதது கேட்கவில்லை, தோள் ஆடியதைத்தான் பார்த்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, அக்கா காத்துக்கிட்டு இருக்கும்" என்று காரில் ஏறினார். அதன் பிறகு அவர் யாரையும் கேட்க வேண்டும் என்று சொன்னதில்லை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்றும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது மகனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் பார்வை இல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்துக்கு வாரந்தோறும் கூட்டிக்கொண்டு போகிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய், அங்கிருந்து நடை. நடைபாதையில் வழிகாட்டப் பதித்திருக்கும் மஞ்சள் கட்டிகளின் மேல் கால் வைத்து நடக்கப் பழகிவிட்டான். மஞ்சள் அவனுக்குக் கொஞ்சம் தெரிகிறது. சில இடங்களில் அந்தக் கட்டிகள் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள், முட்டிக்கொண்டு நிற்பான். எழுத்து வராது என்றுதான் சொல்கிறார்கள். விரலால் படிப்பதும் அவனுக்கு மெதுவாகத்தான் வருகிறது. நேற்றுத் தடவியது இன்று மறந்துவிடுகிறது. பேச்சு மட்டும் ஓயாது.

போன வருஷம் வலிப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை விளையாட்டுப் போல இல்லை. புது டாக்டர், புது மருந்து. ஒவ்வொரு புது டாக்டரும் ஆரம்பத்திலிருந்து கேட்பார்கள். நானும் ஏழாம் மாதத்திலிருந்து சொல்வேன். இத்தனை காலம் மகன் பக்கத்தில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தத் தடவை அவன் கால் ஆடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். புது மருந்து என்னவெல்லாம் செய்யும் என்று டாக்டரிடம் கேட்டேன். தூக்கம் வரும், எடை கூடலாம், கல்லீரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கொடுக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு வந்தோம்.

திரும்பி வரும் ரயிலில் கூட்டம் இல்லை. அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா, நான் ஏன் சீக்கிரமா வந்தேன்?"

"தெரியலடா. யாருக்கும் தெரியல."

"உனக்குக் கை ஆடுச்சே, அந்த மருந்து. அது எனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கசப்பா இருந்துச்சா?"

"குடிக்கக் குடுக்கலடா. ஊசில ஏத்துனாங்க. கசப்புத் தெரியாது."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றான், ஏதோ என்னைச் சமாதானப்படுத்துவதுபோல.

"ம்."

"இப்ப எந்த ஸ்டேஷன்?"

சொன்னேன். கிள்ளானுக்கு இன்னும் நேரம் இருந்தது. வருகிற ஒவ்வொரு ஸ்டேஷனின் பெயரையும் சொல்ல வேண்டும் என்றான். கதவு திறக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவன் தூங்கிவிட்டான்.